குடிக்காமல் வைத்த காபி

அன்புள்ள அப்பாவுக்கு, நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

போன வாரம் எங்கள் அறக்கட்டளையை நடத்தும் இளவரசியோடு பாலைவனத்தில் ஒரு கூடாரத்துக்குப் போனோம். ஊற்றிய காபியை அவர் குடிக்காமல் கீழே வைத்தார். விருந்தாளி இப்படி வைத்தால் ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம்; அது கிடைக்காமல், குடிக்காமல் போனால் வீட்டுக்கு அவமானம் அல்லவா? வீட்டுக்காரர் பதறிவிட்டார்.

"என்ன வேணும்மா, கேளுங்க!"

"உங்க பொண்ணப் பள்ளிக்கூடம் அனுப்பணும்."

"அனுப்புறேன், குடிங்க!"

வீட்டுக்காரரின் மனைவி என் காதில் சொன்னாள்: "மூணு வருஷமா நானும் இதத்தான் கேக்குறேன். நான் காபி ஊத்துறவதானே!"

எனக்கு அம்மா ஞாபகம் வந்தது, அவளும் உங்களிடம் கேட்டுக் கேட்டுச் சலித்தவள்தானே; கோபமும் வந்தது.

இங்கே அலுவலகக் காபியில் ஏலக்காயே இல்லை. வீட்டுப் பொடி கொஞ்சம் அனுப்புங்கள். வேண்டாம், பெருநாளுக்கு நானே வருகிறேன். நீங்களே ஊற்றுங்கள். தங்கை ஷம்மாவைப் பள்ளிக்கு அனுப்பச் நீங்கள் சம்மதிக்கும்வரை கோப்பையைத் தொடமாட்டேன். இரண்டு வருடமாக வீட்டுக்கு வராத நானும் விருந்தாளிதானே, அப்பா?

வண்டி வந்துவிட்டது.
வத்ஹா