மில்னிப் பட்டியலில் முதல் வரி

நவம்பர் 3
பள்ளிக்கூடத்தில் நாற்பது நோட்டு திருத்திவிட்டு வந்தால், வீட்டில் தாயாஜி இன்னொரு நோட்டை நீட்டுகிறார். அப்பாவின் அண்ணன்; மறுக்க முடியுமா? "உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கு. மில்னிப் பட்டியல் எழுதிக் குடு. மோகாவிலேருந்து மாப்பிள்ளை வீட்டுப் பட்டியல் வந்தாச்சு."

மில்னி என்றால், என் கல்யாணத்தன்று குருத்துவாரா வாசலில் இரு வீட்டாரும் முறைக்கு முறை ஆள் நின்று மாலை போட்டுக் கட்டித்தழுவிக்கொள்ள வேண்டும். அவர்கள் மாமாவுக்கு நம் மாமா, அவர்கள் சாச்சாவுக்கு, அதாவது சித்தப்பாவுக்கு, நம் சாச்சா. எல்லாம் எழுதினேன். முதல் வரி, அப்பா. அங்கே பேனா நின்றுவிட்டது.

நவம்பர் 4
எனக்கு நாலு வயதில் அப்பா போனார். மறு வருடம் பெரியவர்கள் கூடி, அப்பாவின் தம்பி மெஹங்கா சாச்சாவின் போர்வையை அம்மா தலையில் போட்டார்கள். அவ்வளவுதான் கல்யாணம். பிறகு ஹர்ஜாப் பிறந்தான். ஒரே ஆளை அவன் டாடி என்கிறான், நான் சாச்சா என்கிறேன். இத்தனை வருடம் இது யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கும்தான்.

நவம்பர் 6
மாப்பிள்ளையின் அக்கா போனில் கேட்டாள்: "ஹர்ஜாப் உன் கூடப்பிறந்தவனா, சாச்சா பையனா?" ரெண்டும்தான் என்றேன். சிரித்தாள்.

ஹர்ஜாப்பிடம் சொன்னேன். "அப்ப நீ எனக்குப் பாதி அக்கா, பாதி பெரியப்பா பொண்ணு. கூட்டினா முழுசு வருதுல்ல, விடு."

நவம்பர் 9
தாயாஜி முடிவே செய்துவிட்டார். "அப்பா இடத்துல நான் நிக்கிறேன். மூத்தவன் இருக்கும்போது வேற யாரு?" சாச்சா, "அதான் முறை" என்று எருமைக்குத் தீவனம் வைக்கப் போய்விட்டார். அம்மா கடுகுக் கீரையைக் கடைந்துகொண்டே இருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கொட்டிலுக்குப் போய், "நீங்க ஏன் நிக்கக் கூடாது?" என்றேன்.

"அது எங்கண்ணன் இடம்மா. வீட்டுக்குள்ள நின்னுட்டேன். ஊர் பாக்க வாசல்ல எப்படி நிக்கிறது?"

டைபாய்டில் கிடந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்? பி.எட். சேர்க்க லூதியானாவில் வரிசையில் நின்றது யார்? ஆனால் அவர் பெயரை எழுதினால் அப்பாவை நானே அழிக்கிற மாதிரி இருக்கிறதே. அப்பா முகம் போட்டோவில் இருப்பதுதான் எனக்குத் தெரியும், அதையுமா... ஒன்றும் புரியவில்லை.

நவம்பர் 10
இன்னும் காலி.

நவம்பர் 12
எழுதிவிட்டேன். அப்பா: மெஹங்கா சிங். சாச்சா என்ற இடத்தில் வெறும் கோடு. தாயாஜியிடம் காட்டாமல் ஹர்ஜாப்பிடம் கொடுத்து மோகாவுக்கு அனுப்பினேன்.

நவம்பர் 15
தெரிந்துவிட்டது. "அப்ப சாச்சாவுக்கு யாரு? சாச்சா இல்லாத வீடுன்னு சிரிக்க மாட்டானுங்களா?" என்று தாயாஜி குதித்தார். சாச்சா என் முகத்தையே பார்க்கவில்லை. தப்புப் பண்ணிவிட்டேனோ?

நவம்பர் 23, மோகா
நேற்று கல்யாணம். நான் உள்ளே இருந்தேன். மில்னியை ஹர்ஜாப்தான் வந்து சொன்னான். பெண்ணின் அப்பா என்று கூப்பிட்டதும் சாச்சா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டே நின்றாராம். தாயாஜிதான் முதுகில் கைவைத்துத் தள்ளினாராம். "போடா. எழுதினது அவ."

பிறகு சாச்சா முறை வந்தது. ஆள் இல்லை. அதற்கும் இவரே மெதுவாக நடந்து போனாராம். மாப்பிள்ளையின் சாச்சா, "ஒரே ஆளுக்கு ரெண்டு மாலையா, குடுத்து வச்சவர்தான்" என்று அலாக்காகத் தூக்கிவிட்டாராம்.

மாப்பிள்ளையின் மேல்துண்டு நுனியை அப்பா முறையில் சாச்சாதான் என் கையில் கொடுத்தார். டாடி என்று கூப்பிடலாம் என்றிருந்தேன். வாய் வரவில்லை.

நவம்பர் 25
காலையில் போன் அடித்தது. மாவு பிசைந்துகொண்டே மாமியார், "யாரும்மா?" என்றாள்.

"எங்க அப்பா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

எடுத்துக் காதில் வைத்து, "சொல்லுங்க சாச்சா" என்றேன்.