ஒரு ஜோடியில் மூன்று

அக்டோபர் 6, திங்கள்

விடாத மழை. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றே. குடையைச் சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் மறந்துவிட்டேன். போய் எடுக்க மனமில்லை. நனைந்தே போய், நனைந்தே வந்தேன்.

சாயங்காலம் நேரே வடசேரிக்கு, எங்கள் செருப்புக்கடைக்கு. கடைக்குள் கணுக்கால் வரை தண்ணீர். அட்டைப்பெட்டிகள் ஊறிப் பிய்ந்து, செருப்பெல்லாம் நடுவில் ஒரே குவியல். அம்மா ஸ்டூலில், தலையில் கையோடு. "சவத்து மழை. எந்தச் செருப்பு எதுக்கு ஜோடின்னு ஆரு பாப்பா?"

யார் பார்ப்பார்? அண்ணன்தான். தண்ணீர் ஏறாத மேட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, அடியைத் திருப்பி, வாரைத் தடவி, ஜோடி சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டான். அவனுக்கு நம்பர் வாசிக்கத் தெரியாது. கண்ணும் விரலும்தான். கடை அடைப்பதற்குள் குவியல் முழுக்க அடுக்கிவிட்டான். அப்பா இருந்த காலத்தில் ஜோடி மாறிப் போனதுண்டு. அண்ணன் கையிலிருந்து ஒன்றுகூட மாறிப் போனதில்லை.

அண்ணன் அருள். வயது 38. டவுன் சிண்ட்ரோம். எத்தனை வருஷமாக நாட்குறிப்பு எழுதுகிறேன், இந்த இரண்டு சொல்லை இன்றுதான் எழுதுகிறேன்.

டாக்டர் சனிக்கிழமை சொன்னது, மறப்பதற்கு முன்:

– எனக்கு ஒன்பது வாரம். நன்றாக இருக்கிறது.
– அண்ணனுக்குக் குரோமோசோம் பரிசோதனை செய்ததுண்டா? இல்லை. பிறந்தபோது முகத்தைப் பார்த்துச் சொன்னதோடு சரி.
– இரண்டு விதம். பெரும்பாலும் 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக வந்துவிடும். தற்செயல். குடும்பத்தில் தொடராது.
– அபூர்வமாக அந்த மூன்றாவது இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு வரும். அப்படியென்றால் அம்மாவோ நானோ வெளியே தெரியாமல் சுமந்துகொண்டிருக்கலாம். என் பிள்ளைக்குப் போகலாம்.
– எந்த விதம் என்று அண்ணன் ரத்தம் சொல்லும். ஒட்டினது என்றால் எனக்கும், பிறகு பிள்ளைக்கும் பரிசோதனை. அப்புறம் முடிவு.

கடைசிச் சொல்லை டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். பத்தாம் வகுப்புக்கு இதே பாடம் நடத்துகிறவள் நான். சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்து வந்தேன். குடை அங்கேதான் போனது.

அக்டோபர் 8, புதன்

வெயில். அரைநாள் லீவு. எச்.எம். முகம் சுளித்தார், சுளிக்கட்டும்.

ஊசி என்றால் அண்ணனுக்கு உயிர் போகும். லேப் வாசலில் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கவே இல்லை. என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தான். "எனக்குப் பனியில்ல. தொட்டுப் பாரு. சூடில்ல."

"உனக்கு இல்லண்ணா. பாப்பாக்கு."

"எந்தப் பாப்பா?"

வயிற்றைக் காட்டினேன். மூன்று மாதம் ஆகட்டும், அவனிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி என்று அம்மா சொல்லாமல் வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் என் வயிற்றையே பார்த்தான். சட்டைக் கையை மடித்தான். எனக்கு முன்னால் உள்ளே நடந்தான்.

கண்ணை இறுக மூடி, என் துப்பட்டா நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு. பச்சை மூடி போட்ட குழாய். திருவனந்தபுரம் போகுமாம். அங்கே செல்லை வளர்த்து, அது இரண்டாகப் பிரியப்போகும் நேரத்தில் நிறுத்தி, படம் பிடிப்பார்கள். இரண்டு வாரம் ஆகும்.

தன் ரத்தத்தைப் பாப்பாவுக்கு ஏற்றப்போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டான். டீக்கடை, பாத்திரக்கடை, பூக்காரி, ஒருவர் விடவில்லை. "பாப்பாக்கு நான் ரத்தம் குடுத்தேன்!" பஞ்சு ஒட்டின கையைக் காட்டிக்காட்டி. திருத்தப் போனேன். கடை வாசலில் நின்ற அம்மா கண்ணால் வேண்டாமென்றாள்.

நான் உண்டாகியிருப்பது இப்போது வடசேரி முழுக்கத் தெரியும்.

அக்டோபர் 11, சனி

சிதறால், மாமியார் வீடு. சனி ஞாயிறு இங்கே, மற்ற நாள் அம்மாவோடு. இவர் மஸ்கட்டில். மதியம் அயிலைக் குழம்பு, நாலு நாளைக்குப் பிறகு வாந்தி இல்லாமல் சாப்பிட்டேன்.

மாமி பாத்திரம் தேய்த்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடி: "எங்க குடும்பத்தில இப்பிடி ஒண்ணும் கெடையாது, கேட்டியா? பொண்ணு பாக்க வந்தப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

சொல்லவில்லை. நிச்சயத்துக்கு வந்தபோதுதான் அண்ணனைப் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று அவனைத் தோவாளைக்குச் சித்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். அம்மாதான் அனுப்பினாள் என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா இல்லை, நான். புதுச் சட்டை போட்டு, பவுடர் பூசி, "மாப்ள எப்ப வருவாரு?" என்று கேட்டுக்கொண்டே பஸ் ஏறினான்.

எழுதிவிட்டால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

இவர் போனில்: "நீ என்ன முடிவு எடுத்தாலும் எனக்குச் சம்மதம் ஷைனி." நல்ல மனுஷன். ஆனால் இப்படிச் சொன்னால் முடிவு முழுக்க என் தலையில்தானே?

அக்டோபர் 14, செவ்வாய்

பத்து பி. மரபியல். பட்டாணி, நெட்டை, குட்டை. அந்தப் பாதிரியார் மடத்துத் தோட்டத்தில் வருஷக்கணக்காகப் பட்டாணி எண்ணிய கதை. பின் பெஞ்சு: "மிஸ், அவருக்கு வேற வேலையே கெடையாதா?" சிரிப்பு. சாகும்வரை அவரை ஒருவரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்றதும் வகுப்பு கப்சிப். "பாவம் மிஸ்."

பிறகு குரோமோசோம், இருபத்து மூன்று ஜோடி. அதற்குக் கீழே, 21ஆவது மூன்றாக வருவது பற்றிய அந்த நாலு வரி. ஆறு வருஷமாகச் சொல்வதையே சொன்னேன்: "இத வீட்ல படிச்சுக்கோங்க."

முன் பெஞ்சு அபிஷா கை தூக்கினாள். "மிஸ், இது உங்க செருப்புக்கடை அண்ணனுக்கு உள்ளதுதானே? அந்த அண்ணன்தான் எனக்கு ஷூ போட்டுப் பாப்பாங்க. கால் நோவவே செய்யாது."

"ஆமா," என்றேன். மணி அடித்தது. அடிக்காமல் இருந்திருந்தால் என்ன பேசியிருப்பேனோ.

ஆசிரியர் அறையில் பப்பாளித் துண்டு சுற்றி வந்தது. என்னிடம் நீட்டிவிட்டு, "ஐயோ, உனக்கு ஆகாதுல்லா" என்று கையை இழுத்துக்கொண்டார்கள். எனக்கு அது பழக்கமே இல்லை. எங்கள் வீட்டில் பப்பாளி ஏறாது. அண்ணனுக்கு ஆகாது என்பாள் அம்மா.

வாங்க: சிவப்பு மை பேனா, ரஸ்க், அண்ணனுக்கு ஷேவிங் ப்ளேடு.

அக்டோபர் 17, வெள்ளி

லேபிலிருந்து போன். செல் வளரவில்லையாம். சில சமயம் அப்படி ஆகும், மறுபடி ரத்தம் வேண்டும்.

அம்மா அடுக்களையில் சாளை கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். கை நின்றது.

"வளராது மக்களே. எப்பிடி வளரும்? நான் செய்தது அப்பிடில்லா."

என்ன செய்தாய் என்றேன். தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அம்மாவுக்கு அப்போது இருபது வயது. டீச்சர் ட்ரெயினிங் சேர்ந்து ஆறு மாசம். அண்ணன் வயிற்றில்.

"படிப்பு போயிரும்னு பயந்துட்டேன். பச்சப் பப்பாளிக்கா, எள்ளு, கருப்பட்டி. ஒரு வாரம், ஆருக்கும் தெரியாம. ஒண்ணும் ஆவல்ல. பொறந்த பொறவு அவனுக்க மொகத்தப் பாத்தேன். தெரிஞ்சிட்டு. நான் கலைக்கப் பாத்தேன், அவன் போவாம நின்னான். அதில வந்த கேடு."

அப்பாவுக்குக்கூடத் தெரியாதாம். முப்பத்தெட்டு வருஷம்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். டீச்சர் மாதிரி சொன்னேன். மகள் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டினாள். மீனைக் கழுவி முடித்தாள்.

அண்ணன் சாப்பிடாமல் அம்மா ஒருநாளும் சாப்பிட்டதில்லை. பாசம் என்று நினைத்திருந்தேன். பாசம்தான். அதற்கு அடியில் இதுவும் கிடந்திருக்கிறது.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு இரண்டு நாள். கடையில் கால் வைக்க இடமில்லை. கடை திறக்கும் முன் லேபுக்கு.

அண்ணனை எப்படிச் சம்மதிக்கவைப்பது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். தேவைப்படவில்லை. "இன்னும் கொஞ்சம் வேணுமாம்ண்ணா" என்றேன்.

"பாப்பாக்குப் பத்தல்லியா?" போன தடவை குத்தாத கையை நீட்டினான். "இதில நெறைய உண்டு."

இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. ஊசி ஏறும்போது முகம் கோணியது, கண்ணீர் வழிந்தது, கையை மட்டும் ஆட்டவில்லை. நர்ஸ் குழாயைக் கவிழ்த்து நிமிர்த்தியபோது ஒரு அதட்டல்: "கொட்டிராதீங்க! பாப்பாக்குள்ளது!"

மதியம் மாமி போன். "அவனுக்குக் கை வீங்கியிருக்கா? ஐஸ் வச்சுக் குடு." அதைக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார். சட்டென்று அழுகை வந்துவிட்டது.

அக்டோபர் 25, சனி

மழை. சிதறால் போகவில்லை, வாந்தி. முறுக்கு நமுத்துவிட்டது. லேபிலிருந்து ஒன்றுமில்லை.

இன்று கேள்வியை முழுசாக எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அண்ணனைப் போல ஒரு பிள்ளை என்றால், வேண்டுமா வேண்டாமா?

பேனா நின்றுவிட்டது. அடுத்த அறையில் டிவி பார்த்து உரக்கச் சிரிக்கிறான். வேண்டாம் என்று எழுதினால் அவனை வேண்டாம் என்று எழுதியதாகும். மறுபடி தோவாளை பஸ். வேண்டும் என்று எழுதப் பயமாக இருக்கிறது. எனக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு யார்? பஸ்ஸில் திரும்பிப் பார்க்கிறவர்கள். ‘பாவம்’ என்கிற நல்லவர்கள். அண்ணனை உயிராக நினைக்கிறேன், பயமாகவும் இருக்கிறது. இரண்டும் பொய்யில்லை.

எழுதவில்லை.

நவம்பர் 3, திங்கள்

காலையில் டாக்டர். அம்மாவும் வந்தாள், வேண்டாமென்றாலும்.

உட்காரும் முன்பே சொல்லிவிட்டார்: "ஒட்டினது இல்ல ஷைனி. தனியா வந்ததுதான்." தற்செயல். என்னிடம் ஒன்றும் இல்லை. மற்றப் பெண்களுக்கு உள்ள அளவு சாத்தியம்தான் எனக்கும். ஸ்கேன் ஒழுங்காகப் பார்த்தால் போதும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினேன். ரிசப்ஷனில் குடையும் கிடைத்தது.

கிளம்பும்போது அம்மா நின்றுகொண்டே கேட்டாள். "டாக்டரம்மா, பப்பாளிக்கா தின்னா இப்பிடி வருமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "ஷைனி சாப்பிட்டாங்களா?"

"நான். அவன் வயித்தில கெடக்கும்போ."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இது கரு உண்டாகும்போதே நடந்து முடிஞ்சதும்மா. அவன் வயித்துல இருக்கான்னு உங்களுக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே. அப்புறம் நீங்க எதச் சாப்பிட்டிருந்தாலும் ஒண்ணக் கூட்டவும் முடியாது, கொறைக்கவும் முடியாது."

"அப்ப நான் இல்லியா?"

"யாரும் இல்ல."

அம்மா அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள். ஆட்டோ பிடித்தோம். வடசேரிச் சந்தை வந்ததும் நிறுத்தச் சொன்னாள். ஒரு பப்பாளி வாங்கினாள். நல்ல பழுத்தது, மோந்து பார்த்து.

வீட்டில் அறுத்து அண்ணனுக்குத் தட்டு நிறைய வைத்தாள். எனக்கு இல்லை. "நீ பெத்த பொறவு தின்னு." டாக்டர் அத்தனை சொன்னதும் அண்ணனுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

"இனிக்கி," என்றான் அண்ணன், வாய் நிறைய. "இது ஏன் நாம வாங்கல்ல?"

"மறந்துபோச்சு மக்களே."

தட்டு காலியாகும்வரை பக்கத்திலேயே இருந்தாள். பிறகு ஒரு துண்டு எடுத்துத் தானும் தின்றாள்.

ரிப்போர்ட்டைப் பிரித்துவைத்திருந்தேன். அதிலிருந்த படத்தை அண்ணன் எட்டி வாங்கிக்கொண்டான். வரிவரியான சின்னக் குச்சிகள், இரண்டிரண்டாக. நான் விளக்கவே இல்லை. விரல் வைத்து ஆரம்பித்துவிட்டான். "ஜோடி. ஜோடி. ஜோடி." கீழ் வரிசையில் ஓரிடத்தில் விரல் நின்றது. ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போனான். கடைசி இரண்டில் தலையை ஆட்டினான். "தப்பு. ஒண்ணு பெரிய ஆளுக்குள்ளது, ஒண்ணு பிள்ளைக்குள்ளது."

"ஆம்பிளைக்கு அது அப்பிடித்தான்ண்ணா."

நம்பவில்லை. விரல் பழைய இடத்துக்கே திரும்பியது.

"ஏட்டி, இங்க மூணு கெடக்கு."

"ஆமா."

"இது ஆருக்க?"

"உனக்க. உனக்க ரத்தத்தில உள்ளது."

"உனக்கு?"

"ரெண்டுதான்."

"அம்மைக்கு?"

"ரெண்டுதான்."

யோசித்தான். முகத்தில் மெல்லச் சிரிப்பு ஏறியது. "அப்ப எனக்குத்தான் கூடுதல்."

"உனக்குத்தான்."

அந்த மூன்றாவதின் மேல் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "அப்ப ஒண்ணு பாப்பாக்குக் குடு. எனக்கு ரெண்டு போரும்."

அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு மாதமாக எதற்குப் பயந்து செத்தோமோ அதைத்தான் நீட்டுகிறான், பப்பாளி வழியும் கையால்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கையைப் பிடித்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டேன்.