கண்ணடிக்கும் மஞ்சள் விளக்கு

மே 31, சனி

நான் சமைக்கும் பள்ளிக்கூடத்துக்கு நாளை முதல் கோடை விடுமுறை. சமையலறையில் கடைசி அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு காரைக் கிளப்பினேன். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்தது. போன கோடையிலும் இதே கூத்துதான். இரண்டு மூன்று நாள் எரியும், பிறகு தானே அணையும்.

ஜூன் 17 காருக்கு ஆண்டுச் சோதனை. விளக்கு எரிந்தால் தேறாது. தேறாத காரை ரோட்டில் எடுக்கக் கூடாது. எங்கள் ஊருக்கு பஸ்ஸும் கிடையாது. அப்படியானால் நடுக்கோடைத் திருநாள் ஆட்டத்துக்கு அறுபது கிலோமீட்டர் நான் நடந்தா போவது?

இவர் காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. உடைக்கிற இடத்துக்கு அனுப்பிரு" என்றார்.

"உங்களுக்கு அம்பத்தொன்பது ஆச்சு. நான் அனுப்பினேனா?"

சிரிக்கவில்லை. ஆனால் கப்பைக் கீழே வைத்தார். "அது தேறிட்டா நானே ஆட்டக் கொட்டகைக்குள்ள வந்து உன்கூட ஆடுறேன்."

பதினோரு வருடமாக, நான் ஆடி முடிக்கும் வரை காரிலேயே உட்கார்ந்து காத்திருக்கும் மனிதர்! தேறாது என்று அவ்வளவு நிச்சயம். பார்ப்போம் கலெர்வோ.

ஜூன் 2, திங்கள்

என்சியோவின் பட்டறை. ஸ்டியரிங்குக்கு அடியில் தன் சின்னப் பெட்டியைச் சொருகி, வந்த எண்ணைப் பார்த்தான். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தமாம். ஒரு ரப்பர் குழாயை மாற்றினான். தலையைச் சொறிந்தான். அதில் இருப்பதே ஏழெட்டு முடி, அதையும் என் கார் தின்றுவிடும்.

"அக்கா, எப்ப எரியுது, எப்ப அணையுதுன்னு எழுதி வை."

என் மொத்தப் படிப்பு ஒன்பது வருடம். அதிலும் பாதி ஜன்னலைப் பார்த்தபடி. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஜூன் 4, புதன்

நல்ல வெயில். ஏரித் துறையில் பக்கத்து வீட்டு ஹெல்வியின் ஜமுக்காளங்களையும் எதிர்வீட்டு அக்கா தங்கை இருவருடையதையும் துவைத்துக் கொண்டுவந்தேன். தெருவில் கார் ஓட்டுவது நான் ஒருத்திதான், அதனால் ஒன்பது வீட்டு ஜமுக்காளமும் என் காரில்தான் சவாரி. கை வலித்தாலும் நல்ல அரட்டை.

விளக்கு இல்லை.

ஜூன் 5, வியாழன்

விளக்கு!

ஜூன் 7, சனி

இந்த முறை வேறு எண். புகைக்குழாயில் இருக்கும் ஏதோ சென்சார். என்சியோ அதையும் மாற்றினான். "ஈரம் பட்டாத்தான் இப்படி வரும். மழையில வருதா பாரு" என்றான்.

ஜூன் 9, திங்கள்

நேற்றும் இன்றும் விடாத மழை. வேண்டுமென்றே பள்ளம் பள்ளமாகத் தேடி ஓட்டினேன். விளக்கு எரியவே இல்லை. என்சியோவுக்குப் போன் போட்டு, "உன் ஈரம் நல்லா காஞ்சு போயிருக்குப்பா" என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். மிச்சமிருந்த ஆறு வீட்டு ஜமுக்காளங்கள். அப்பாடா, முடிந்தது.

ஜூன் 11, புதன்

எரியுது. சனியன். மூணாவதா இன்னொரு நம்பர். இன்னும் ஆறு நாள்தான். எதுக்கு இந்த வீம்பு எனக்கு? ஒரு டாங்கோ ஆட்டத்துக்காகவா? — ஆமா, ஒரு டாங்கோவுக்காகத்தான். வருஷம் பூரா குழம்பு கிண்டுறவ நாலு ராத்திரி ஆடக் கூடாதா?

சமையலறை ஓரமாக நின்று கொஞ்சம் அழுதேன். வெங்காயம் என்று சொன்னேன். இவர் சுற்றிலும் வெங்காயத்தைத் தேடினார்.

ஜூன் 12, வியாழன்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

என்சியோ சொன்னான்: "மூணு தடவை, மூணு நம்பர். மூணு பாகமும் ஒண்ணா கெடாது அக்கா. மூணுக்கும் பொதுவா ஒரு இடத்துல ஒயர் சரியில்ல. எழுதினதைப் படி."

படித்தேன். முடி பற்றிய வரி வந்ததும் நிறுத்த நினைத்தேன், வாய் நிற்கவில்லை.

"இதையெல்லாமா எழுதச் சொன்னேன்?"

"உண்மையை எழுதச் சொன்னே."

அப்புறம் நாலாம் தேதி ஜமுக்காளம், ஐந்தாம் தேதி விளக்கு. மழை நாளில் துவைக்கவில்லை, விளக்கும் இல்லை. பத்தாம் தேதி ஜமுக்காளம் — அங்கே நானே நின்றுவிட்டேன். மே முப்பதாம் தேதி சாயங்காலம் எங்கள் வீட்டு ஜமுக்காளங்களைத் துவைத்ததும் ஞாபகம் வந்தது. மறுநாள்தானே விளக்கு!

என்சியோ ஸ்பேனரைக் கீழே வைத்தான். "துவைச்சதை எங்க வச்சுக் கொண்டு வருவே?"

"பின்னாடி நிறைஞ்சா, முன் சீட்டுல கால் வைக்கிற இடத்துல சுருட்டி நிறுத்துவேன்."

"நல்லா பிழிஞ்சா?"

"ஒன்பது வீட்டுதுப்பா. எவளுக்குப் பொறுமை?"

சீட்டைக் கழற்றித் தரைவிரிப்பைத் தூக்கினான். அடியில் இருந்த பஞ்சை அமுக்கினால் பொசுக்கென்று நுரை வந்தது. ஜமுக்காளத்துக்குப் போடும் பைன் சோப்பு வாசனை! அதற்கும் கீழே ஒயர்கள் எல்லாம் கூடும் ஒரு இணைப்பு, முள்ளெல்லாம் பச்சைப் பூஞ்சை பிடித்த மாதிரி.

"அக்கா, இருபத்தஞ்சு வருஷமா கார் பாக்குறேன். காரைத் துவைச்ச பொம்பளை நீ ஒருத்திதான்."

ஏழெட்டு முடிக்கும் சேர்த்துப் பழி வாங்கிவிட்டான்.

ஜூன் 13, வெள்ளி

இணைப்பைச் சுத்தம் செய்து, இனி நனையாதபடி உயர்த்திக் கட்டிவிட்டான். எண்களை அழித்தாகிவிட்டது. ஆனால் அழித்த கையோடு சோதனைக்குப் போனால் கண்டுபிடித்துவிடுவார்களாம். மூன்று நாலு நாள் ஓட்ட வேண்டும். அதற்குள் அந்தப் பஞ்சு காய வேண்டுமே!

வீட்டு நீராவிக் குளியலறையில், அதான் சவுனாவில், காயப்போட்டோம். வேறெங்கே? மேல்படியில் கார் விரிப்பு ராஜா மாதிரி படுத்திருந்தது. இவர்தான் விறகு வைத்தார். பந்தயத்தில் தோற்கப் போகிறவரே!

"அதுக்கு விசிறி விடவா?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணும் பேசாம படுத்திருக்கு. உன்னைவிடத் தேவலை" என்றார்.

இந்த வருடத்தில் இவர் அடித்த முதல் ஜோக். எழுதி வைக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஓட்டினேன். வேலையே இல்லாமல் இருநூறு கிலோமீட்டர். ஹெல்வியும் கூட வந்தாள். பாட்டுப் பாடிக்கொண்டே போனோம். விளக்கு இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

தேறியது.

சோதனை செய்த பையன் முகர்ந்து பார்த்துவிட்டு, "உள்ள ரொம்ப சுத்தமா இருக்கே" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன் என்றால் இவர் நம்பவே மாட்டார்.

வீட்டுக்கு வந்து தாளைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடி போட்டு மூன்றாவது தடவை. பிறகு விறகுக் கொட்டகைக்குப் போய்விட்டார். ஒரு மணி நேரம். கோடாலிச் சத்தமே கேட்கவில்லை.

ஜூன் 21, சனி

நேற்றுத் திருநாள் ஆட்டம். இவர் இஸ்திரி போட்ட சட்டையோடு சுவர் ஓரம் தூண் மாதிரி நின்றார். பெண்கள் ஆண்களை ஆட அழைக்கும் முறை வந்ததும் நேராகப் போய்க் குனிந்து அழைத்தேன். கூப்பிட்டால் மறுக்கக் கூடாது, அதுதான் வழக்கம்.

முதல் பாட்டில் என் காலை இரண்டு முறை மிதித்தார். இரண்டாவதில் ஒரு முறை. மூன்றாவதில் பேச்சை நிறுத்திவிட்டேன், நானே.

அடுத்து ஆண்கள் அழைக்கும் முறை. காருக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. என் எதிரே வந்து நின்று கையை நீட்டினார்.

இன்று கால் வலி. அவருக்கும்தான், சொல்லமாட்டார். மதியம் செய்தித்தாளில் ஆட்டக் கொட்டகைகளின் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு, பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தார்.