ஒன்றாம் எண் ஜெர்சி இப்போது என்னிடம்

அன்புள்ள அண்ணே,

உன் ஒன்றாம் எண் ஜெர்சியை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். போட்டுப் பார்த்தேன், தோளில் தொளதொளவென்று நிற்கிறது. சனிக்கிழமை ஷா ஆலத்தில் ரக்பி அரையிறுதி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

போன ஆட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா? பந்து உயரமாக எழும்பி வந்தது. அடியில் நான் நின்றேன், ஓரத்தில் விங்கில் ஆடும் நம் ஜேம்ஸும் நின்றான். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. பந்து நடுவில் விழுந்தது, எதிரணி எடுத்துக்கொண்டு ஓடிவிட்டது. விலகுங்கடா, பந்து எனக்கு என்று நீ கத்தும் "மைன்!" கேட்கும் என்று இரண்டு பேருமே காத்திருந்தோம், அண்ணே.

பல வருஷப் பழக்கம் இல்லையா? கிள்ளானில் கிரிக்கெட் கீப்பராக இருந்தபோதே நீ அப்படித்தான். யார் பக்கம் கேட்ச் எழும்பினாலும் கிளவுஸோடு ஓடிவந்து "மைன்!" என்பாய். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் ரக்பி லீக் கோச் உன்னைக் கொத்திக்கொண்டு போய், ஒன்றாம் எண் கொடுத்து எல்லாருக்கும் பின்னால் ஃபுல்பேக்காக நிறுத்தினார். மாநில அணிவரை ஆடினாய். கிரிக்கெட்டையும் விடவில்லை. சனிக்கிழமை ரக்பியில் வாங்கிய அடியோடு ஞாயிற்றுக்கிழமை ஸ்டம்புக்குப் பின்னால் குனிந்து நிற்பாய். அப்பேர்ப்பட்ட உன்னை ஒரு டெங்கிக் கொசு கொண்டுபோய்விட்டதே! எனக்கு ஆத்திரம் ஆறவே இல்லை.

கோச் நேற்று போன் செய்தார். "இன்னொரு தடவ வாய மூடிக்கிட்டு நின்னேன்னா ஜெர்சிய கழட்டிக் குடுத்துரு லா," என்றார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் அண்ணியைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "அவரு வீட்லயும் அப்படித்தான் தம்பி. தட்டுல கடைசி வடை இருந்தா அதுக்கும் மைன்தான்." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அந்தச் சத்தம் இனிமே எங்கேருந்து வரும்? நீதான் கத்தணும்."

எனக்குத் தொண்டை இல்லாமலா கத்தாமல் நின்றேன்? நான் கத்திவிட்டால் நீ இல்லை என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? உட்கார முடியவில்லை. ஜெர்சியை மடிக்கிறேன், பிரிக்கிறேன், மறுபடி மடிக்கிறேன்.

சனிக்கிழமை அண்ணியும் வருகிறார். பந்து எழும்பியதும் நான் கத்துவேன், சத்தியமாகக் கத்துவேன். நீ மட்டும் பழக்க தோஷத்தில் முந்திக்கொள்ளாதே, அண்ணே. இந்த ஒரு பந்து என்னுடையது.

எப்போதும் உனக்கு முன்னால் நின்று ஆடிய
உன் தம்பி,
குமரன்