செடிக்கு எந்தத் தண்ணீர்

அன்புள்ள ஒண்டினா, சொல்ல வந்தவை இவை:
1. செடி பிழைத்துவிட்டது.
2. குழாய்த் தண்ணீரே போதும்.
3. எனக்கு எதுவும் அனுப்ப வேண்டாம்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதற்குத் தைலம் காய்ச்ச மொண்டெவிடியோ அறையில் நான் சட்டப்படி பதிவுசெய்து வளர்க்கும் கஞ்சாச் செடி மஞ்சளாகிவிட்டது, பயப்படாதே. அதற்கு வடிகட்டிய தண்ணீரை ஊற்றிவிட்டு, நான் குழாய்த் தண்ணீரில் மாத்தே தேநீர் குடித்துவந்தேன். அறையை வாடகைக்கு விட்டிருக்கும் நிபியா சிரித்தாள்: "தொன் எவாரிஸ்தோ, நல்ல தண்ணி குடிக்கிறது வாடுது, கெட்ட தண்ணி குடிக்கிற நீங்க கொழுக்குறீங்க!"

வடிகட்டி சுண்ணாம்புச் சத்தையும் எடுத்துவிடுகிறதோ என்று யோசித்தேன். குழாய்த் தண்ணீரை, குளோரின் வாடை போக ஓர் இரவு வாளியில் திறந்துவைத்து ஊற்றினேன். தளிர் பச்சையாக வருகிறது. ஆனாலும் அச்சகத்தில் வேலையைப் பாதியில் விட்டு வந்து பார்க்கிறேன்.

என் முறை மாத்தேயைக் குடித்து முடித்ததும், குடுவையை உன்னிடம் தருவதுபோல் கை தானாக எதிர் நாற்காலிக்கு நீள்கிறது. நீ உறிஞ்சும் வெள்ளிக் குழலை அனுப்புவாயா? தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, திருத்தி எழுத முடியாது. மூன்றாவது குறிப்பு தவறு.

எவாரிஸ்தோ