கிழக்கே கடல்

1956 மார்ச் 6, செவ்வாய். கோவளம்.

காசிம் பாய் தன் தென்னந்தோப்பை மெட்ராஸ்காரர் ஒருவருக்கு விற்கிறார். பஸ் வரத் தொடங்கியதிலிருந்து பட்டணத்தாருக்கு இங்கே பங்களா கட்ட ஆசை. இன்று மதியம் கிரயப் பத்திரத்தை ஊரார் முன் நான்தான் உரக்கப் படித்தேன். சாட்சிக் கையெழுத்தும் போட்டேன். நான்கெல்லையில் "கிழக்கே கடல்" என்று படித்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

கட்டுமரக்கார ஏழுமலைக்குத்தான் உறைத்தது. "இன்னா வாத்யாரே, தோப்புக்கும் கடலுக்கும் நடுவுல கீற மணலும் அவருக்கா? நாங்க மரத்த உன் வூட்டு கூடத்துலயா ஏத்தி வெக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

தெருவை எல்லையாக எழுதினால் வாசற்படியும் வீட்டோடு சேர்ந்துவிடும். அதுபோலத்தான் இதுவும். "கிழக்கே கட்டுமரம் ஏற்றும் மணல்" என்று இருந்திருக்க வேண்டும். அங்கே வேலி விழுந்தால் மீனவக் குடும்பங்கள் எங்கே போகும்?

சாயங்காலம் பாயிடம் போய்த் திருத்தச் சொன்னேன். "மாத்துனா அந்த ஆளு வாங்க மாட்டாரு சார். மூணு வருஷமா அலைஞ்சிகினு கீறேன், கெடுத்துடாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை.

நாளை பதிவு. சாட்சி போகாவிட்டால் நாளைக்கு அது நடக்காது. அப்புறம் வேறு ஆள் பிடிப்பாரோ என்னவோ. விடிந்ததும் என்னை பஸ்ஸுக்கு அழைக்க வருவார். வரமாட்டேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.