காயாத மூன்றாம் பூச்சு

ஜூன் 14, சனி

காலையிலேயே வெயில் சுள்ளென்று. புத்தூர் போக வேண்டியது, போகவில்லை. வாங்க வேண்டியவை: துணி சோப்பு, நைனாவுக்கு மூட்டுவலித் தைலம், சாறு வடிகட்ட மெல்லிய துணி.

ஜூஸ் ஃபேக்டரியில் இன்றும் காய் எடுக்கவில்லை. வாசலில் டிராக்டர் வரிசை, அதில் எங்கள் ஊர்த் தோத்தாபுரி மாங்காயும் மூன்று நாளாக. அழுகினால் மாடுகூட மோந்து பார்த்துவிட்டுப் போகும்.

மகளிர் சங்கத்தில் பேசி முடிவு. தாண்ட்ரா போடுவது. மாம்பழச் சாற்றை ஈச்சம்பாயில் ஊற்றி, காயவிட்டு, அதன்மேல் மறுபடி ஊற்றி, அடுக்கடுக்காக. அடுத்த சனிக்கிழமை மண்டல ஆபீஸ் மேடம் வந்து ருசி பார்ப்பார். பிடித்தால் திருச்சானூரில் எங்கள் சங்கத்துக்கு ஒரு கடை. ஃபேக்டரி வாசலில் தவம் கிடக்க வேண்டாம்.

யோசனை ஜெயந்தியுடையது. சத்தியவேட்டிலிருந்து இந்த ஊருக்கு வாழ வந்து இரண்டு வருஷம்தான். ஒன்பது வருஷமாக லீடர் நான். மேடத்துக்குத் தெலுங்குதான்; ஃபோன் செய்வது அவளுக்கு.

ஜூன் 15, ஞாயிறு

சங்கக் கட்டட மாடியில் முதல் பூச்சு. ஜெ. வீடியோ எடுத்து மேடத்துக்கு அனுப்பினாள். அதில் அவள் முகம், அவள் சிரிப்பு, அவள் தெலுங்கு. என்னுடையது கை மட்டும். வயிறு எரிந்தது. இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

மதியம் வீட்டுக்காரர்: "அந்தப் பொண்ணு தெலுங்குல இன்னாமா பேசுது. கடைய அதுகிட்டயே குடுத்துடுவாங்கோ."

"பேசாம துன்னுட்டு எழுந்துக்கோங்க," என்றேன். ரசம் கேட்டார். தீர்ந்துவிட்டது என்றேன். தீரவில்லை.

ஜூன் 16, திங்கள்

இரண்டாம் பூச்சு. நல்ல வெயில். புறங்கையை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. "சரி" என்றேன். ஜெ. ஊற்றினாள். மாடி ஏறி இறங்கி முட்டி வலி.

ஜூன் 17, செவ்வாய்

மதியத்திலிருந்து மேகம். மழை இல்லை, காற்றில் ஈரம். நான் மாடிக்குப் போனபோது ஜெ. மூன்றாம் பூச்சுக்குக் குண்டானோடு தயார். பாயில் புறங்கையை வைத்தேன். ஒட்டியது. லேசாகத்தான். ஒட்டினால் ஊற்றக் கூடாது, உள்ளே புளித்துவிடும். கல்யாணமான வருஷத்திலிருந்து போடுகிறேன், எனக்குத் தெரியாதா.

ஜெ. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பின்னால் சாறு ஊற்றுகிற சத்தம்.

நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே. அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்தவள்தானே.

ஜூன் 18, புதன்

மனசு கேட்கவில்லை. ஆனாலும் போகவில்லை. முட்டி வலி என்று சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் ஜெ. வீட்டுக்கே வந்துவிட்டாள். "நாலாவது இன்னும் ஊத்தலக்கா. நீங்க வரட்டும்னு வெச்சிகினு கீறேன்."

என்னமோ நான் போனால்தான் வெயில் அடிக்கும் என்பது போல. நடிப்பு. "நாளிக்கி வரேன், போ," என்றேன். இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா?

ஜூன் 19, 20

போனேன். கையை வைத்துப் பார்த்தேன். மேலே நன்றாகத்தான் காய்ந்திருந்தது, நாலாவதும் ஊற்றியாயிற்று. ஒருவேளை ஒன்றும் ஆகாது. வீட்டில் எண்ணெய் தீர்ந்தது.

ஜூன் 21, சனி

மேடம் வந்தார். ஜெ. கத்தியால் வெட்டினாள். புளித்த வாசனை. அடுக்குக்கு நடுவில் வெள்ளைப் பூஞ்சை. மேடம் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "ஈசாரி காதம்மா," என்றார். இந்த முறை இல்லையாம். கடை பக்கத்து ஊர்ச் சங்கத்துக்கு.

மேடம் போனதும் சங்கத்துப் பத்மா ஜெ.மேல் பாய்ந்தாள். "எங்க தோட்டத்துக் காயெல்லாம் மரத்துலயே அழுவுது. தெரியாத வேலையில உன்ன யாரு தலைய உட சொன்னது?"

எனக்கு மனசு குளிர்ந்தது. ஒரு நிமிஷம். எழுதத்தான் வேண்டும்.

ஜெ. அழவில்லை. "எங்க தப்பாச்சினு தெரியலக்கா. தெனமும் மோகனாக்கா கைய வெச்சி பாத்தப்புறந்தான் ஊத்தினேன். மூணாவதுக்கும் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. அவங்க சொல்லலன்னா காஞ்சிதான இருக்கும்?"

என் பக்கம் திரும்பினாள். குற்றம் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "இல்லையாக்கா?"

பதினோரு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா. காஞ்சிதான் இருந்துச்சி," என்றேன்.